ஆட்சேபனை இருந்தா கை தூக்குங்க

செத்துப்போனவர்களைப் பற்றிப் பொய் சொல்வதில் நம் ஆட்களை யாரும் மிஞ்ச முடியாது. உயிரோடு இருக்கும்வரை முதுகுக்குப் பின்னால் ‘சிடுமூஞ்சி’ என்று பேசியவர்களே, மனிதர் கண்ணை மூடிய மறுநாள் ‘சிரித்த முகத்துக்குச் சொந்தக்காரரே’ என்று ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டிவிடுவார்கள். எங்கள் பத்திரிகை ஆசிரியர் அர்த்தநாரி சாருக்கும் அதுதான் நடந்தது. செம்மேடு பஸ் ஸ்டாண்டில் அவர் படத்தை ஆள் உயரத்துக்கு வைத்து, ‘கோபமே அறியாத குணக்குன்றே’ என்று போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அந்த ஃபிளெக்ஸை அவர் பார்த்திருந்தால் கட்டியவனைக் கூப்பிட்டு அரைமணி நேரம் கத்தியிருப்பார்.

என் பேர் கோகிலவாணி. திருப்புலி நாட்டுக்காரி; எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. ‘மலைச்சேதி’ என்கிற எங்கள் வாரப் பத்திரிகைக்குச் செய்தி எடுப்பது, டைப் அடிப்பது, பக்கம் போடுவது எல்லாம் நான்தான். சார் ஆசிரியர். அவருடைய தம்பி ஜீவானந்தம் உரிமையாளர். மலைக்குக் கீழே பேளுக்குறிச்சியில் ஜீவானந்தம் அண்ணனுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற அச்சகம் ஒன்று உண்டு, அதில்தான் எங்கள் பேப்பரும் அச்சாகும். அச்சான கட்டுகளை மாதேஸ்வரன் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்து ஊர் ஊராகப் போடுவான். மொத்தப் பத்திரிகையும் இவ்வளவுதான்.

சார் பத்திரிகைக்காரராகப் பிறந்தவர் இல்லை. ஜவ்வரிசி மில்லுக்கு மரவள்ளிக்கிழங்கு வாங்கித் தரும் தரகராக மலைக்கு வந்தவர். மலையில் ஒரு வீடு எரிந்தாலும், ஒரு பிள்ளை கலெக்டர் கையால் பரிசு வாங்கினாலும் எந்தப் பேப்பரிலும் ஒரு வரி வராததைப் பார்த்துவிட்டு, தம்பியின் மெஷின் சும்மா கிடக்கிற நாளில் நாமே அடித்தால் என்ன என்று ஆரம்பித்தார். ஆரம்பித்த ஒரு மாதத்துக்குள் உயிரோடு இருந்த ஓர் ஆளைக் கொன்றுவிட்டார்.

பைல் நாட்டில் செல்லமுத்து என்பவர் இறந்துவிட்டதாகச் சேதி வந்தது. சேதி உண்மைதான். ஆனால் எங்கள் மலையில் செல்லமுத்துகளுக்குப் பஞ்சமா? சாருக்குத் தெரிந்த பைல் நாட்டுச் செல்லமுத்து ஒரே ஒருவர், அவருக்குக் கிழங்கு விற்கிறவர். அவரைக் கிழங்கு மூட்டையோடு எடுத்த படம் கைவசம் இருந்தது. மூட்டையை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் போட்டு, ‘காலமானார்’ என்று அச்சடித்துவிட்டார். பேப்பர் போன அன்றைக்கே சொந்தக்காரர்கள் கோடித்துணியும் மாலையுமாக வந்து இறங்கினார்கள். செல்லமுத்து வாசலில் மிளகு காய வைத்துக்கொண்டிருந்தார். ஒப்பாரி வைத்தபடி வந்த தங்கச்சி, அண்ணனைப் பார்த்த பிறகும் சட்டென்று நிறுத்தத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் அழுதுவிட்டுத்தான் ஓய்ந்தாள்.

வேறு யாராக இருந்தாலும் அரிவாளை எடுத்திருப்பார்கள். செல்லமுத்து மாமா அடுத்த வாரம் அந்தக் கோடி வேட்டியையே கட்டிக்கொண்டு, மலைக்கே வாரச்சந்தை கூடுகிற சோளக்காடு ஊருக்கு வந்தார். கிழங்கு எடை போட்டுக்கொண்டிருந்த சாரின் முன்னால் போய் நின்றார்.

“ஏனுங்க, அச்சுப் போடறதுக்கு முன்னால இங்க வந்து ஒருக்காச் சத்தமாப் படிச்சிருந்தா, ‘நான் இங்கதான் நிக்கறனுங்க’ன்னு சொல்லியிருப்பன் இல்லீங்களா?” என்றார்.

கிண்டலுக்குச் சொன்னதுதான். சார் அதைச் சட்டமாக்கிவிட்டார். அடுத்த வாரத்திலிருந்து எந்தச் சேதியாக இருந்தாலும் சோளக்காட்டுச் சந்தையில், எடைபோடும் மேடைமேல் ஏறி நின்று வாசித்த பிறகுதான் அச்சு. சின்னத் தப்பென்றால் அங்கேயே திருத்தம். சேதியே பொய் என்று சம்பந்தப்பட்டவர் யாராவது கை தூக்கினால் அது அந்த வாரம் வராது. இரண்டு பக்கமும் விசாரித்து அடுத்த வாரம் மறுபடி வாசிக்க வேண்டும். ‘ஆட்சேபனை இருந்தா கை தூக்குங்க’ என்று மூன்று தரம் கேட்பார். மந்திரி வந்துபோன சேதிக்கும் அதுதான், மாடு காணாமல் போன சேதிக்கும் அதுதான்.

படித்த மனிதர்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள். “முன்னாடியே வாசிச்சுட்டா அப்புறம் பேப்பரை யாருங்க வாங்குவா?” என்று டவுன் நிருபர் ஒருவர் என்னிடமே கேட்டார். வாங்கினார்கள். தாங்கள் சொன்ன திருத்தம் சரியாக வந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே வாங்கினார்கள். இப்போது ஆளுக்கொரு போனில் வாட்ஸ்அப் வந்துவிட்டது. அதில் வரும் புளுகுக்கு யாரிடம் போய்க் கை தூக்குவது?

சாருக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். ஆட்சேபனை சொன்னவரை முதலில் வைது தீர்ப்பார், அப்புறம் சேதியைத் திருத்துவார். வையாமல் திருத்தியதும் கிடையாது, வைதுவிட்டுத் திருத்தாமல் விட்டதும் கிடையாது. அந்த மனிதர்தான் ஒரு திங்கட்கிழமை காலையில் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய், வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்ததும் ஜீவானந்தம் அண்ணன் என்னை அச்சகத்துக்கு வரச் சொன்னார். இரண்டு சேதிகளைக் கொடுத்தார். ஒன்று, அவரே எழுதிய இரங்கல். இன்னொன்று கட்டம் கட்டிய இரண்டு வரி: ‘ஆசிரியர் மறைவை ஒட்டி, மலைச்சேதி இந்த இதழுடன் நிறுத்தப்படுகிறது. இதுவரை ஆதரித்தவர்களுக்கு நன்றி.’

“இதோட முடிச்சுக்கலாம் அம்மிணி. அண்ணன் இல்லாத பேப்பரு எதுக்கு?”

“நான் இல்லீங்களாண்ணா?”

“நீ இருக்கற. உன் வேலையை நான் கொறை சொல்லலை. ஆனா நாளைக்கே எவனாச்சும் வந்து மெரட்டுவான், இல்லாட்டி வெல பேசுவான். அண்ணனா இருந்தாக் கத்தித் தொரத்துவாரு. நீயும் நானும் என்ன பண்ணுவோம்? அண்ணன் பேரு கெடறதுக்கு முன்னால அவரோடவே போகட்டும்.”

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பேப்பர் நின்றால் நான் நாமக்கல்லில் ஏதாவது ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்துப் பிழைத்துக்கொள்வேன், அதைப் பற்றிக் கவலையில்லை. ஆனால் மலையில் நடந்ததை மலைக்காரர்கள் முன்னால் சத்தமாகச் சொல்லி, சரிதானா என்று கேட்கிற இடம் இது ஒன்றுதான். அதை ஒரு கட்டத்துக்குள் இரண்டு வரியில் மூடிவிடலாமா? கேட்டிருப்பேன். அவர் அழுதுகொண்டிருந்தார். அழுகிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

“சரிங்ணா. ஆனா சந்தையில வாசிச்சுட்டுத்தானுங்களே அச்சு?”

“இதையுமா?”

“சாவுச் சேதிக்காகத்தானுங்ணா அந்தச் சட்டமே வந்துச்சு.”

அவர் தலையாட்டினார். சத்தியமாக எனக்கு அப்போது எந்தத் திட்டமும் இல்லை. கடைசித் தடவை என்றாலும் முறையாக நடக்கட்டும் என்கிற வீம்புதான்.

அந்த வாரம் சந்தை நெரிந்தது. பலாப்பழ லாரிகள்கூட ஏற்றுவதை நிறுத்திவிட்டன. ஜீவானந்தம் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு மேடைக்குப் பக்கத்தில் நின்றார். நான் ஏறி இரங்கலை வாசித்தேன். முதல் வரியிலேயே ‘கோபமே அறியாத’ என்று இருந்தது. அண்ணனும் தம்பியுமாக எத்தனை வருசம் ஒரே அச்சகத்தில் கத்திக்கொண்டு இருந்திருப்பார்கள்! துக்கம் வந்தால் எல்லாருக்கும் ஃபிளெக்ஸ் பாஷைதான் வருகிறது.

அன்னாசிப்பழம் விற்கும் பொன்னாயி அக்கா கையைத் தூக்கினாள். “ஆட்சேபனைங்க.”

“சொல்லுங்கக்கா.”

“கோவம் அறியாதவருன்னு போட்டா அது எங்க பேப்பர்காரரு இல்லீங்க, வேற யாரோ. என்னைய அவரு எத்தனை தரம் வஞ்சிருக்காரு! நானும் திருப்பி வஞ்சிருக்கறேன். போன மாசங்கூட அன்னாசி வெலையைத் தப்பாச் சொல்லிப்போட்டன்னு இந்த மேடையில நின்னு அந்தக் கத்துக் கத்தினாரு. கோவக்காரருன்னே போடுங்க. நல்ல கோவமுங்க அது.” சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

திருத்தினேன். அடுத்த வரி, ‘மலைப்பாதையின் எழுபது வளைவுகளையும் உள்ளங்கைபோல் அறிந்தவர்.’ இதற்கு மாதேஸ்வரனே கை தூக்கிவிட்டான்.

“பஸ் ஏறுனா எலுமிச்சம்பழத்தை மோந்துக்கிட்டுக் கண்ணை மூடறவரு, சோளக்காட்டுலதானுங்க தொறப்பாரு. கடைசி வரைக்கும் அவருக்கு வாந்தி நிக்கலை. ஒரு வளைவையாவது பாத்திருப்பாருங்களா?”

சந்தை முழுக்கச் சிரித்தது. ஜீவானந்தம் அண்ணனும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். ‘வாரா வாரம் வாந்தி எடுத்துக்கொண்டு மலை ஏறியவர்’ என்று மாற்றி எழுதினேன். அவரை இதைவிடப் பெரிதாக யாரும் புகழ்ந்துவிட முடியாது என்று எனக்குத் தோன்றியது.

மூன்றாவதாக, ‘அறியாமையில் கிடந்த மலைமக்களுக்கு அறிவொளி ஏற்றியவர்’ என்று வாசித்தேன். செல்லமுத்து மாமா எழுந்தார். பல்லெல்லாம் போய்விட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது.

“நாங்க எப்பச் சாமி இருட்டுல கெடந்தோம்? அவரு படிச்சாரு, நாங்க தப்பைச் சொன்னோம். அவரு வஞ்சாரு, அப்புறம் திருத்துனாரு. இப்படிப் போடு.”

அப்படியே போட்டேன். ஒவ்வொரு திருத்தம் விழும்போதும் பொய்க்காரர் ஒருவர் மேடையிலிருந்து இறங்கிப்போய், எங்கள் அர்த்தநாரி சார் கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வருவதுபோல் இருந்தது. அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. நிறுத்தாமல் வாசித்தேன்.

கடைசியில் அந்தக் கட்டம் கட்டிய சேதி. வாசித்து முடித்தேன். பொன்னாயி அக்கா பழம் நறுக்கிய கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். வழக்கப்படி கேட்டேன், “ஆட்சேபனை இருந்தா கை தூக்குங்க.”

செல்லமுத்து மாமாதான் தூக்கினார்.

“இதுல நீங்க சம்பந்தப்பட்டவருங்களா மாமா?”

“என்னைய விட ஆரு இருக்கறா? என் சாவுச் சேதியை ஒருக்காத் தப்பாப் போட்டுப்போட்டாங்க. சரியான சேதி இன்னும் வரலை. நானும் இன்னும் சாகலை. அதுக்குள்ள பேப்பரை நிறுத்துனா எப்படிங்க?”

ஜீவானந்தம் அண்ணன் என் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. காகிதத்தை மடித்தேன்.

“ஆட்சேபனை வந்துருச்சுங்ணா. சட்டப்படி இதை அடுத்த வாரத்துக்குத் தள்ளோணும்.”

“அடுத்த வாரம் எதுல போடறது?”

“அடுத்த வாரப் பேப்பர்லதானுங்ணா.”

ஒரு நொடி எல்லாரும் விழித்தார்கள். அப்புறம் யாரோ விசில் அடித்தார்கள். லாரிக்காரர் ஹாரனை அழுத்தினார். பேப்பர் நிற்கிறது என்ற சேதியைப் போடுவதற்காகவே பேப்பர் வந்தாக வேண்டும்! ஜீவானந்தம் அண்ணன் என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே, அப்படியே அவர் அண்ணனின் முறைப்பு. “அண்ணன் போட்ட சட்டம். மீற முடியாது. ஆனா அடுத்த வாரமும் வாசிக்கோணும்” என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார். இரங்கல் திருத்தங்களோடு அச்சானது. அவ்வளவு பேர் வாங்கிய இதழ் அதற்கு முன் இல்லை.

அடுத்த வாரமும் வாசித்தேன். நர்ஸிங் படிக்கும் மகள் பானுமதி பாஸாகிற சேதி வரவேண்டியிருக்கிறது என்று பொன்னாயி அக்கா கை தூக்கினாள். மறுபடியும் தள்ளிப்போனது.

மூன்றாவது வாரம்தான் ஜீவானந்தம் அண்ணன் பயந்த காரியம் நடந்தது. பைல் நாட்டில் ஒரு சிற்றூருக்குப் போகும் ரோட்டில் புதிதாகக் கட்டிய சிறுபாலம் ஒரே மழையில் இடிந்துவிட்டது. நான் நேரில் போய்ப் பார்த்து எழுதினேன். சந்தையில் வாசித்தபோது பாலம் கட்டிய கான்ட்ராக்டர் நான்கைந்து ஆட்களோடு வந்து நின்றார்.

“இந்தப் பேப்பருக்கு இப்ப யாரு ஆசிரியரு?” என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். பேப்பரில் ஆசிரியர் என்ற இடத்தில் இன்னும் சாரின் பெயர்தான் வந்துகொண்டிருந்தது. எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

“படிக்கறவ நானுங்க. சரி பாக்கறவங்க இவங்க. ஆட்சேபனை இருந்தா நீங்களும் கை தூக்குங்க” என்றேன்.

அவர் நக்கலாகக் கையைத் தூக்கினார். பாலத்தை லாரிக்காரன் எவனோ இடித்துவிட்டான், வேலை கச்சிதமான வேலை என்றார். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. அவரை வைய நாக்கு துடித்தது. ஆனால் சட்டம் அவருக்கும் ஒன்றுதான். “சேதி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போகுதுங்க” என்றேன். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே கீழே ஜீவானந்தம் அண்ணனுக்கு போன் போட்டு, அச்சகத்தைப் பூட்ட வைத்துவிடுவேன் என்றாராம். அண்ணன் அதை எனக்குச் சொன்னார். நிறுத்து என்றும் சொல்லவில்லை, எழுது என்றும் சொல்லவில்லை.

அடுத்த சந்தைக்கு மாதேஸ்வரனுக்குக் காய்ச்சல் என்று அண்ணனே பேப்பர் கட்டோடு வந்திருந்தார். கான்ட்ராக்டரும் வந்தார். நான் இரண்டாம் தரம் சேதியை வாசிக்க ஆரம்பித்தபோது, அந்தச் சிற்றூர்ப் பெண்கள் கூடைகளோடு வந்து மேடை முன்னால் கொட்டினார்கள். இடிந்த பாலத்தின் காரைத் துண்டுகள். ஒருத்தி ஒரு துண்டை எடுத்துக் கையில் வைத்து அழுத்தினாள், பொட்டுக்கடலை உருண்டைபோல உதிர்ந்துவிட்டது. “நீங்களும் ஒண்ணு எடுத்துப் பாருங்க சாமி” என்று கான்ட்ராக்டரிடம் நீட்டினாள்.

“ஆட்சேபனை இருந்தா கை தூக்குங்க” என்று மூன்று தரம் கேட்டேன். அவர் கை இரண்டும் பேன்ட் பாக்கெட்டை விட்டு வெளியே வரவில்லை.

சேதி அச்சானது. அச்சகத்தை யாரும் பூட்டவில்லை. பாலத்தை மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள், இந்தத் தடவை உள்ளே கம்பி வைத்தார்கள். சாருக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும் என்று பழக்கத்தில் கை போனது. இதை யாரும் இரங்கலில் எழுதிவிட முடியாது.

அந்த வாரமும் மூடும் சேதியை வாசித்தேன், அதற்கும் கை தூக்கினார்கள். ஆனால் வாரா வாரம் அதைப் படிப்பது எனக்குச் சலிப்பாகிவிட்டது. என்றைக்காவது ஒருநாள் ஒருவரும் கை தூக்காமல் போய்விட்டால்?

அந்த நாள் வந்தது. விடிந்ததிலிருந்து மழை. சந்தையில் பாதிக் கடை இல்லை. இருந்தவர்களும் தகரக் கொட்டகைக்குள் ஒண்டியிருந்தார்கள். தகரத்தின்மேல் மழை அடிக்கிற அடியில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. குடையைப் பிடித்துக்கொண்டு மேடைமேல் நின்று அந்த இரண்டு வரியை வாசித்தேன். “ஆட்சேபனை இருந்தா கை தூக்குங்க.” கையே இல்லை. இன்னொரு தரம் கேட்டேன். தார்ப்பாயைக் கட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள். ஓடிப்போய்க் கொட்டகைக்குள் கத்தியிருக்கலாம். ஆனால் கான்ட்ராக்டருக்குச் செய்யாத சலுகையை எனக்கு நானே செய்துகொள்ளலாமா? மூன்றாம் தரம் கேட்டேன்.

பஸ் நிற்கும் பக்கத்திலிருந்து ஒரு கை எழுந்தது. ஜீவானந்தம் அண்ணன். குடைகூட இல்லாமல் நனைந்துகொண்டே வந்தார்.

“பேரு சொல்லுங்க” என்றேன். எல்லாரிடமும் கேட்பதுதான்.

“ஜீவானந்தம். பேப்பர் ஓனரு.”

“என்னங்க ஆட்சேபனை?”

“சேதி பொய்யிங்க.”

அந்தக் காகிதத்தை நான்காகக் கிழித்தேன். என்னமோ நடக்கிறதென்று கொட்டகையில் இருந்தவர்கள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார்கள். பொன்னாயி அக்கா வந்தாள். செல்லமுத்து மாமா ஒரு பலாப்பழ வியாபாரியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

“இன்னொரு ஆட்சேபனையும் இருக்குது” என்றார் அண்ணன், எல்லாருக்கும் கேட்கும்படி. “ஆசிரியருங்கற எடத்துல இன்னும் எங்க அண்ணன் பேரு வந்துக்கிட்டு இருக்குது. அது தப்பான சேதி. அவரு இருந்தா இந்தத் தப்புக்கு நம்ம அல்லாத்தையும் வஞ்சிருப்பாரு. கோகிலவாணின்னு போடோணும். இப்பவே வாசி, அம்மிணி.”

“என் பேரை நானே எப்படிங்ணா வாசிக்கறது?”

“வாசிக்காம அச்சுப் போட மாட்டேன்.”

வாசித்தேன். ‘மலைச்சேதி. ஆசிரியர்: கோகிலவாணி.’ பிறகு கேட்டாக வேண்டியதைக் கேட்டேன். “ஆட்சேபனை இருந்தா கை தூக்குங்க.” மழை கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டாம் தரம் கேட்டேன். செல்லமுத்து மாமாவின் கை மெல்ல மேலே போனது. அவர் தலையைச் சொறிந்துவிட்டுக் கையைக் கீழே போட்டார்.

மூன்றாம் தரமும் கேட்டேன். அத்தனை பேரும் நனைந்துகொண்டு என்னையே பார்த்தபடி நின்றார்கள். ஒருவரும் கை தூக்கவில்லை.